கொழும்பு சேர் துடைத்த பேர்

"செத்தாலும் அந்தக் கொம்பனிக்கு ஒத்தச் சதம் கட்ட மாட்டேன்" என்று நல்லையா சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. அதனால் அவர் மனைவி புஸ்பராணிக்குப் பாதிதான் விளங்கியது. பாதியே போதும். அதே சபதத்தை அவர் ஆட்டோ ஸ்டாண்டில் எடுத்திருந்தார். இராமசாமியின் தேத்தண்ணிக் கடையில் எடுத்திருந்தார். அலுவிகாரையில் அவர் இன்னும் சபதம் எடுக்காமல் மிச்சம் வைத்திருந்த இடம் வீட்டுக் குழாயடி மட்டும்தான். அன்று காலை அதுவும் முடிந்தது.

நல்லையா எல்கடுவத் தோட்டத்தில் பிறந்தவர். அட்டைக்கடிக்கும் தனக்கும் ஒத்துவராது என்று இளவயதிலேயே மலையிறங்கி, அலுவிகாரையில் குடியேறி, லீசிங் கொம்பனியில் தவணைக்கு ஒரு ஆட்டோ எடுத்து ஓட்டியவர். ஒழுங்காகத்தான் கட்டி வந்தார். பெற்றோல் வரிசைக் காலம் வந்தது. அந்த நாட்களில் அவர் ஆட்டோவை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். தவணை நின்றது. ஒருநாள் இராமசாமி கடையில் வடையைக் கடித்தவர் அதை விழுங்கி முடிப்பதற்குள், கொம்பனி அனுப்பிய ஆட்கள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு நாலந்தாப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு ஏலத்தில் விற்றார்கள். விற்ற பணம் கடனுக்குக் காணாது, மிச்சத்தைக் கட்டுங்கள் என்று கடிதம் வந்தது.

நல்லையாவுக்கு அந்தக் கணக்கு ஏறவே இல்லை. மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போய், அது தின்ற புல்லுக்கும் காசு கேட்கிறானா என்று கடையில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். கேட்டவர்கள் எல்லாரும் அநியாயம் என்றார்கள். ஒருத்தரும் மிச்சத்தைக் கட்ட உதவவில்லை.

கட்டாமல் விட்டதில் பேர் கெட்டது. யார் யார் எங்கே கடன் எடுத்தார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று கொழும்பில் ஒரு இடத்தில் பதிந்து வைக்கிறார்கள். ஊரில் அதற்குக் 'கிரிப்' என்று பேர். கிரிப்பில் பேர் கெட்டவனுக்கு எந்த வங்கியும் கடன் தராது. டயருக்கு கிரிப் போனால் டயரை மாற்றலாம், நல்லையாவுக்கு கிரிப் போனால் என்னத்தை மாற்றுவது என்று ஸ்டாண்டில் சிரித்தார்கள். பெற்றவர்கள் வைத்த பேரில் மட்டும்தான் 'நல்ல' மிஞ்சியிருந்தது.

அதைப் பற்றியும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. நுஹ்மான் ஹாஜியாரின் ஆட்டோ ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். உழைப்பில் பாதி ஹாஜியாருக்குப் போனது. மிச்சப் பாதியில் ரோசத்தோடு வாழ்ந்தார். கொம்பனியிலிருந்து சதீஸ்குமார் என்ற கடன் அறவிடும் பொடியன் கிழமைக்கு ஒருதரம் போன் எடுப்பான். அவனிடம் நல்லையா பேசுவதைக் கேட்க ஸ்டாண்டில் ஆட்கள் கூடுவார்கள்.

சிக்கல் புஸ்பராணியின் பக்கமிருந்து வந்தது. அவள் வீட்டில் மிளகாய்த்தூளும் கறித்தூளும் பொதி செய்து கடைகளுக்குப் போடுகிறவள். அரைக்கிறதுக்கு ஒவ்வொரு முறையும் டவுன் மில்லுக்குச் சாக்கைச் சுமக்க வேண்டியிருந்தது. சொந்தமாக ஒரு மெசின் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனாள். அங்கிருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, அவள் பிணை நின்ற கடன் ஒன்று கட்டப்படாமல் கிடப்பதால் அவள் பேரும் கெட்டிருப்பதாகச் சொன்னது.

புஸ்பராணி வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் போட்டாள். அவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை காத்திருந்தாள்.

"என் பேர ஏன் கெடுத்தீங்க?"

"ஒன் பேரயா? நான் என்னா செஞ்சேன்?"

"லீசிங்குக்கு கையெழுத்து போடச் சொன்னீங்க."

"நீ ஏன் போட்ட?"

"புருசன்னு நெனச்சிப் போட்டேன்."

மடக்கப்பட்டால் வழக்கமாகச் செய்வதை நல்லையா செய்தார். சபதத்தை மறுபடியும் எடுத்தார். இந்தமுறை வாயில் சோறு இருந்தது.

அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தான் வென்றுவிட்டதாக அவர் நினைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வென்ற முதல் வாக்குவாதம் அது. அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் ஒரு கதை சொன்னாள். பக்கத்து வீட்டு றுஸைனா சொன்ன கதையாம். றுஸைனாவின் சொந்தத்தில் ஒருவருக்கு இப்படித்தான் கிரிப்பில் பேர் கெட்டுக் கிடந்ததாம். கொழும்பில் யாரோ ஒரு பெரிய உத்தியோகத்து சேர் இருக்கிறாராம். சல்லி கொடுத்தால் உள்ளுக்குள்ளேயே பேரைத் துடைத்துவிடுவாராம். றுஸைனாவின் புருசன் அகீலுக்கு அந்த சேரைத் தெரியுமாம்.

நல்லையா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் கள்ள வேலை. நம்ம அந்தப் பக்கமே போகக் கூடாது" என்றாள் புஸ்பராணி. "அதுவுமில்லாம, அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும். ஒங்களுக்கு ஏலாது."

அன்று இரவு அவர் புரண்டு புரண்டு படுத்தார். உப்பு கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான் அவர் கருவாடு தேடித் தின்னத் தொடங்கியவர். ஏறாதே என்று அவள் சொன்னதற்காகவே பலாமரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் ஆள் கூட்டி இறக்கப்பட்டவர். ஏலாதாம். யாருக்கு?

விடிந்ததும் ஸ்டாண்டில் அகீலைத் தனியாகக் கூட்டிப் போனார். அகீல் முதலில் அப்படி ஒருத்தரைத் தெரியவே தெரியாது என்றான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு, அந்த சேர் லேசுப்பட்ட ஆள் இல்லை, கண்டவனுக்கெல்லாம் செய்து கொடுக்க மாட்டார் என்றான். நல்லையா கெஞ்சினார். அகீல் பெருமூச்சு விட்டுத் தன் போனில் நம்பரை அழுத்தி, பணிவாக நாலு வார்த்தை பேசி, போனை இவர் கையில் கொடுத்தான்.

சேரின் குரல் கனமாக இருந்தது. தமிழ் பேசினார், இடையிடையே சிங்களம் போட்டார், கோபம் வந்தால் இங்கிலீசு போட்டார். பின்னால் பெரிய இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. கணினிகள் என்று அகீல் விளக்கினான்.

நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. மாதம் பத்தாம் தேதி, பகல் சாப்பாட்டுக்கு முன்னால், பணம் அகீல் கைக்கு வர வேண்டும். அன்றைக்குத்தான் உள்ளே பூட்டுத் திறக்குமாம். ஒருநாள் பிந்தினாலும் துடைத்த இடத்தில் பேர் இன்னும் கறுப்பாக ஏறிவிடுமாம். வெளியில் மூச்சு விடக்கூடாது. முக்கியமாக வீட்டில் மனைவிக்குத் தெரியக் கூடாது. தெரியவே தெரியாது என்று நல்லையா சத்தியம் செய்தார்.

மொத்தத் தொகையைக் கேட்டபோது அவருக்கு இன்னொரு சந்தோசம். கொம்பனி கேட்டதைவிட அது கணிசமாகக் குறைவாக இருந்தது. கடனைவிட லஞ்சம் மலிவு. கொம்பனிக்காரனுக்கு ஒரு சதமும் இல்லை. உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று அவர் நினைத்தார்.

அதன்பிறகு நல்லையாவை ஊருக்கு அடையாளம் தெரியவில்லை. இருட்டோடு எழும்பி டவுனுக்கு மரக்கறி மூட்டை ஏற்றினார். விகாரைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அவர் ஆட்டோவிலிருந்தே கும்பிடு போட்டார். சிகரெட்டை விட்டார். வெள்ளிக்கிழமைப் போத்தலை விட்டார். புஸ்பராணி என்னாச்சு, உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டதற்கு, ஆம்பளைக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்றார். ஒன்பதாம் தேதி வந்தால் அவருக்கு வியர்க்கும். பத்தாம் தேதி காலையில் அகீலின் கையில் பணத்தைத் திணித்துவிட்டு வந்து இராமசாமி கடையில் உட்கார்ந்தால், முகத்தில் ஒரு களை வரும்.

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. சதீஸ்குமாரின் போன் நின்றுவிட்டது. ஒரு கிழமை வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. கொழும்பு சேர் உள்ளுக்குள் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று நல்லையாவுக்கு விளங்கியது. பொறுக்க முடியாமல் அவரே ஒருநாள், ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்க, அவனுக்குப் போன் போட்டார்.

"என்னா தம்பி, சத்தத்தையே காணோம்? பயந்துட்டியா?"

"அப்படி ஒண்ணுமில்லண்ணே. நீங்க இப்படியே போங்க, போதும். ரொம்ப நன்றி."

போனை வைத்துவிட்டு நல்லையா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கொம்பனிக்காரன் நன்றி சொல்கிறான். இதற்குமேல் ஒரு மனிதன் வாழ்க்கையில் என்னத்தைச் சாதிப்பது? மூச்சு விடக்கூடாது என்ற நிபந்தனை அன்றோடு உடைந்தது. மனைவிக்குத் தெரியக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டு, இராமசாமி கடையில் மீதி எல்லாருக்கும் சொன்னார். ஒரு போன், ஒரு ஆள், பேர் சுத்தம். பெரிய இடத்துத் தொடர்பு என்றால் இதுதான் என்று மீசையைத் தடவினார். இராமசாமி அன்று தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

தவணைகள் முடியப்போகும் காலத்தில் சேரிடமிருந்து புது உத்தரவு வந்தது. பேரைத் துடைத்தால் மட்டும் போதாதாம். துடைத்த இடம் வெறுமையாக இருந்தால் மேலதிகாரிகளுக்குச் சந்தேகம் வருமாம். அதனால் புதிதாக ஏதாவது ஒரு சாமானைத் தவணைக்கு எடுத்து, பிந்தாமல் கட்டிக்காட்ட வேண்டுமாம்.

எதை எடுப்பது என்று நல்லையா கேட்டார். டிவி எடுக்கவா என்றார். டிவி கூடாது என்றார் சேர். டிவியைக் கணினி மதிக்காதாம். மெசின் ஏதாவது நல்லது. அரைக்கிற மெசின் என்றால் மிக நல்லது.

கொழும்பில் குளிரறையில் உட்கார்ந்திருக்கிற சேருக்கு அரைக்கிற மெசின் எப்படி ஞாபகம் வந்தது என்று அவர் யோசிக்கத்தான் செய்தார். ஆனால் பெரிய மனிதர்களின் யோசனை நமக்கு எங்கே விளங்கப்போகிறது? ஹாஜியாரைப் பிணைக்குப் பிடித்து, டவுனில் மெசினைத் தவணைக்கு எடுத்து, ஆட்டோவின் பின் சீற்றில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

புஸ்பராணி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். இருக்கிற கடன் காணாதா, யாரைக் கேட்டு இதை எடுத்தீர்கள், யார் இந்த யோசனையைச் சொன்னது என்று அடுக்கிக்கொண்டே போனாள். நல்லையா அசையவில்லை.

"இந்த வீட்டுல முடிவு எடுக்கிறது நானு. மெசின் வேணும்னு முடிவெடுத்தேன். எடுத்தேன். நீ வேணாம்னு சொன்னாலும் இது இங்கதான் இருக்கும்."

"அப்ப நான் சொல்றதுக்கு என்னா இருக்கு" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். அந்தப் பணிவைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. மறுநாள் விடியுமுன்பே மெசின் ஓடத் தொடங்கிவிட்டது. ஊரே தும்மியது.

கடைசித் தவணையும் போய், மெசினுக்கும் சில மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகு, சேர் பேசினார். வேலை முடிந்தது, வங்கியில் போய் உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள் என்றார். நல்லையா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசிக்கொண்டு போனார். வங்கிப் பிள்ளை பார்த்துவிட்டு, நிலுவை எதுவும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றது. அவர் அந்தப் பிள்ளையை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அங்கிருந்து நேரே லீசிங் கொம்பனியின் மாடிப்படியில் ஏறினார். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தார். சதீஸ்குமாரின் மேசையில் அறிக்கையைத் தட்டி வைத்தார்.

"பாருடா தம்பி. பேரு சுத்தம். இப்ப என்னா செய்வ?"

சதீஸ்குமார் எழுந்து நின்று கைகொடுத்தான். உள்ளே போய் மனேஜரையும் கூட்டி வந்தான். சொன்னபடி ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி கட்டி முடித்த ஆட்கள் இந்தக் கிளையில் மிகக் குறைவு என்றார் மனேஜர். அதனால்தான் பேசியபடி தண்டப்பணத்தைக் கழித்துவிட்டோம் என்றார். பழைய கடன் அறிக்கையில் கொஞ்சக் காலம் தெரியும், ஆனால் முழுக்கக் கட்டி முடித்ததாகத் தெரியும், மெசினுக்கும் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், ஆட்டோ எடுப்பதென்றால் முதலில் எங்களிடம் வாருங்கள் என்றார். ஒரு பால் தேத்தண்ணி வந்தது.

நல்லையா தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நான் ஒரு சதமும் கட்டலயே" என்றார்.

"ஒங்க மிஸிஸ்தானே அண்ணே வந்து கட்டினாங்க. மொதல் நாள் வந்து மனேஜர்கிட்ட ரெண்டு மணித்தியாலம் பேசி தண்டப்பணத்தக் கழிக்க வச்சதும் அவங்கதானே. நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொன்னாங்க."

அவர் ஆட்டோவை எப்படி வீடுவரைக்கும் ஓட்டினார் என்பது அவருக்குத் தெரியாது. வாசலில் இறங்கும்போதே கத்தத் தொடங்கினார். உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது. சபதம், மானம், துரோகம், ஆம்பளை என்று அவர் கத்திய எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. மிளகாய்க் காரம் வேறு தொண்டையில் ஏறியது. புஸ்பராணி அவரைக் கண்டு மெசினை நிறுத்தியபோது, அவர் தும்மிக்கொண்டு நின்றார்.

"கொழும்பு சேர் யாரு?"

"றுஸைனாவோட நானா, அவ அண்ணன். கட்டார்ல சீமெந்து கலக்கிற எடத்துல வேலை."

நல்லையாவுக்குக் கணினிச் சத்தம் எது என்று விளங்கியது.

"கொம்பனிக்கு ஒத்தச் சதம் கட்ட மாட்டேன்னு ஊரறியச் சத்தியம் பண்ணினவன் நான்."

"நீங்க எங்க கட்டினீங்க? சேருக்குத்தானே குடுத்தீங்க. கட்டினது நானு. நான் ஒரு சத்தியமும் பண்ணலயே."

"நான் களவா ஒரு வேலை பாக்கலாம்னு போனா, எல்லாருமாச் சேந்து என்னைய ஏமாத்தி நல்லவனாக்கி வச்சிருக்கீங்க."

"பேருக்கு ஏத்த மாதிரி இருக்கட்டுமேன்னுதான்" என்று சொல்லிவிட்டு அவள் மெசினை மறுபடி போட்டாள்.

அவர் கோபித்துக்கொண்டு பகல் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குக் கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. கொள்கையில் உறுதியாக இருப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்று போய் உட்கார்ந்தார். சாப்பிடச் சாப்பிடக் கோபம் இறங்கிப் பயம் ஏறியது. சொந்த ஆட்டோ வரப்போகிறது, அது நல்லதுதான். அவள் பேரும் சுத்தமாகிவிட்டது, அதுவும் நல்லதுதான். ஆனால் இராமசாமி கடையில் அவர் சொன்னதெல்லாம் என்னாவது? கொம்பனியை மண் கவ்வவைத்த நல்லையா, மாதாமாதம் தானே கட்டியிருக்கிறார் என்று தெரிந்தால் ஸ்டாண்டில் தலைகாட்ட முடியுமா?

இந்த விசயம் வெளியில் போகக் கூடாது என்று அவர் மெதுவாகக் கேட்டார். போகாது என்றாள் அவள். இன்னும் ஒரு கருவாட்டுத் துண்டு வைத்தாள். பதிலுக்கு எப்போதாவது ஒரு சின்ன உதவி கேட்டால் மட்டும் மறுக்கக் கூடாது என்றாள்.

அந்தச் சின்ன உதவி ஒரு கிழமையிலேயே வந்தது. அந்தியில் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது குசினியில் புஸ்பராணியோடு இராமசாமியின் மனைவி பாப்பம்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நெடுநாள் கவலை. மோட்டார் சைக்கிள் வாங்கிய கடன் இருக்கிறதாம். சைக்கிளை விழுத்தி உடைத்த பிறகு, உடைந்த சைக்கிளுக்குக் காசு கட்ட மாட்டேன் என்று இராமசாமி சபதம் எடுத்திருக்கிறாராம். பாப்பம்மாவும் பிணைக்குக் கையெழுத்துப் போட்டவள்தான். ஆனால் நல்லையாவின் கதையைக் கேட்ட நாளிலிருந்து, அந்தக் கொழும்பு சேரோடு ஒருதரம் பேசக் கிடைக்காதா என்று இராமசாமி அகீலை நச்சரிக்கிறாராம்.

கட்டாரில் றுஸைனாவின் நானாவுக்கு இந்த மாதம் இரவு வேலை. போன் எடுக்க மாட்டார். புஸ்பராணி றுஸைனாவின் போனை நல்லையாவின் கையில் வைத்தாள். வாய்க்குக் குறுக்கே பிடிக்க ஒரு கைலேஞ்சியும் தந்தாள். அவர் முடியாது என்று வாயைத் திறந்தார். அவள் ஸ்டாண்ட் இருக்கும் பக்கமாகச் சும்மா ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் எழும்பிப் போய் மெசினை வெறுமனே ஓடவிட்டு வந்தாள்.

கடையிலிருந்து அகீல் அழுத்த, போன் அடித்தது; புஸ்பராணி ஸ்பீக்கரைப் போட்டாள். நல்லையா தொண்டையைக் கனைத்து, முடிந்தவரை கனத்த குரலில், கொழும்பிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் இராமசாமி எழுந்து நிற்பது குரலிலேயே தெரிந்தது. பத்தாம் தேதி என்றார் இவர். சரி சேர் என்றார் அவர். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் என்றார் இவர். காலையிலேயே சேர் என்றார் அவர். சொல்லச் சொல்ல நல்லையாவுக்கு வேலை பிடித்துப்போனது. இடையில் சிங்களத்தில் இரண்டு வார்த்தை போட்டு அதட்டியும் பார்த்தார்.

"ஒரேயொரு விசயம் சேர்" என்றார் இராமசாமி. "இது என் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது."

பக்கத்தில் பாப்பம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெரியாது என்று சேர் வாக்குக் கொடுத்தார்.

"இன்னொண்ணு சேர். நம்ம நல்லையாவுக்கும் தெரியக் கூடாது. அவன் வாயில ஒண்ணும் நிக்காது."

நல்லையாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கைலேஞ்சியை எடுத்துவிட்டு நாலு கேட்கலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் புஸ்பராணி குனிந்து அவர் காதில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் அசையாமல் நின்றாள். கொழும்பு சேர் கைலேஞ்சியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, அதே கனத்த குரலில் சொன்னார்:

"நீங்க பயப்படவே வேணாம். அந்த ஆளுக்கு எப்பவுமே ஒண்ணும் தெரியாது."